மாரியில் வீடு காட்டுவது

பெயின்ட் வாளிகள் இரண்டையும் விறாந்தையில் இறக்கி வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தான். உப்புவெளியில் எங்கள் ஒழுங்கையிலேயே வளர்ந்த பிள்ளை. இப்போது கொழும்பில் வேலை. தாய் லண்டனில் மகளோடு தங்கிவிட்டார். இங்கே பூட்டிக் கிடக்கும் வீட்டை விற்றுத் தரும் பொறுப்பு இவன் தலையில். கனடாவிலிருந்து ஒரு குடும்பம் நத்தார் விடுமுறைக்கு வருகிறதாம், வீட்டைப் பார்க்கக் கேட்டிருக்கிறார்களாம். தரகர் சொல்லி அனுப்பியிருக்கிறார். இன்னும் பதினெட்டு நாள்.

“முன்பக்கத்துக்கு ரெண்டு கோட் அடிச்சாச் சரிதானே, மாமா?”

வெளியே மூன்றாம் நாளாக விடாத மழை. தாவாரத்திலிருந்து தண்ணீர் கயிறு கயிறாக இறங்கிக்கொண்டிருந்தது. நான் கட்டட ஓவசியராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்படி ஒரு கேள்வியோடு யாராவது வந்தால் ஒற்றை வரியில் பதில் சொல்லி அனுப்பத் தெரியாது. இஞ்சி தட்டிப் போட்டு இரண்டு பிளேன்ரீ ஊற்றிக்கொண்டு வந்தேன்.

“வாளியைத் திறக்காத, தம்பி. முதல்ல தேத்தண்ணியைக் குடி.”

வெளிச்சுவருக்கு நாம் அடிக்கும் எமல்ஷன் என்பது தண்ணீரில் மிதக்கும் பிளாஸ்டிக் துகள்தான். தண்ணீர் ஆவியாகிப் போகப் போக அந்தத் துகள்கள் நெருங்கி, ஒன்றோடொன்று ஒட்டி, ஒரு தோலாகின்றன. காற்றில் ஈரப்பதம் 85 வீதத்தைத் தாண்டினால் பெயின்ட் வேலை செய்யாதே என்பது தொழிலில் பொது விதி. மார்கழியில் எங்கள் ஊர்க் காற்று அந்த எல்லையை அடிக்கடி தொடும். அதைவிட மோசம், சுவர் தானே குடித்து வைத்திருக்கும் தண்ணீர். அதன் மேல் தோலைப் போர்த்திவிட்டு, இரண்டு நாள் வெயில் எறித்தால் உள்ளே இருக்கிற ஈரம் ஆவியாகி வெளியே வர வழி தேடும். தோல் பொக்களமாக எழும்பும்.

இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. 2010 கார்த்திகையில் என் சொந்த வீட்டில் இந்தப் பிழையை விட்டேன். அடுத்த தையில் கிழக்கு மாகாணமே வெள்ளத்தில் கிடந்தது ஞாபகம் இருக்கும். பொங்கலுக்கு முதல்நாள் கொஞ்சம் வெயில் வந்தது. தெற்குச் சுவர் முழுக்கப் பொக்களம். நகத்தால் கிள்ளினால் பனையோலை அகலத்துக்கு உரிந்து வந்தது. ஊருக்கெல்லாம் சுவர் பார்த்துச் சொன்ன ஓவசியர் வீட்டுச் சுவர் அது.

இன்னொன்றும் இருக்கிறது. மாரி நடுவில் ஒரு வீட்டில் புதுப் பெயின்ட் மணம் அடித்தால், விவரமான ஆள் சுவரை விரல் மடக்கித் தட்டிப் பார்ப்பான். எதையோ மூடியிருக்கிறார்கள் என்று அவன் மனதில் விழுந்துவிட்டால் நீ சொல்லும் விலை எதுவும் எடுபடாது.

குளிர்நாட்டில் வீடு விற்பவர்களுக்கும் இதே மாதங்கள்தான் சோதனை. ரொறன்ரோவில் என் மருமகள் குடும்பம் வீட்டை விற்ற கதையைத் தொலைபேசியில் கேட்டிருக்கிறேன்: விடிய எழும்பி நடைபாதைப் பனியை வழிப்பது, வழுக்காமல் படிக்கு உப்புத் தூவுவது, மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடுவதால் வாசல் விளக்கை எரியவிடுவது. எங்களுக்குப் பனி இல்லை. திருகோணமலையில் மார்கழி இரவுகூட 24 பாகை செல்சியஸ் அளவில்தான் நிற்கும். இங்கே குளிர்காலம் என்றால் தண்ணீர். ஆண்டு முழுவதும் பெய்கிற சுமார் 1,600 மில்லிமீற்றரில் ஏறக்குறைய பாதி, நவம்பர், டிசம்பர் இரண்டே மாதத்தில் கொட்டித் தீர்ந்துவிடும். வாடைக்காற்று அதை வங்காள விரிகுடாவிலிருந்து சுமந்து வந்து வடக்குச் சுவரிலும் கிழக்குச் சுவரிலும் அறையும். வெயிலும் அந்த நேரம் நமக்கு உதவாது. மார்கழிச் சூரியன் தெற்கே சாய்ந்துவிடும். நண்பகலில்கூட தெற்குப் பக்கமாக 58 பாகை உயரம்தான். ஆகவே வடக்குச் சுவருக்கு ஐப்பசியிலிருந்து மாசி முடியும்வரை நேர்வெயில் கிடையாது. மழையை வாங்குவதும் அந்தச் சுவர், காயாமல் கிடப்பதும் அந்தச் சுவர்.

அவனுடைய வீடு வடக்குப் பார்த்த வீடு. வாளி ஏன் வந்தது என்று அப்போதே எனக்கு விளங்கிவிட்டது.

“பாசிதானே?”

“கறுத்துப் போய்க் கிடக்கு, மாமா. பேய் வீடு மாதிரி.”

பச்சையாக வழுக்குவதும் பாசி; மேலிருந்து மை ஊற்றியதுபோல் கறுப்புக் கோடாக இறங்கியிருப்பதும் பெரும்பாலும் அதன் சொந்தக்காரர்தான். அழுக்கு என்று நினைத்து வெறும் தண்ணீரால் கழுவினால் இரண்டு கிழமையில் திரும்பி வரும். கொன்றுவிட்டுத்தான் கழுவ வேண்டும். உடுப்பு வெளுக்கிற குளோரின் திரவம் ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு. மழை விட்ட ஒரு காலை போதும். சுவரடியில் உள்ள செடிகளுக்கு முதலில் நிறையத் தண்ணீர் ஊற்றி நனைத்துவிட வேண்டும்; இல்லாவிட்டால் குளோரின் சொட்டி இலை கருகும். பிறகு திரவத்தைக் கீழிருந்து மேலாகப் பூசி, கால் மணி நேரம் விட்டு, தும்புப் பிரஷால் தேய்த்து, நல்ல தண்ணீரால் கழுவி இறக்க வேண்டும். இரும்புக் கம்பிப் பிரஷ் வேண்டாம். அது சுவரைச் சுரண்டி, அடுத்த பாசிக்கு இருக்கை போட்டுக் கொடுக்கும். அவசரத்தில் கழிப்பறை கழுவும் அசிட்டை இதோடு கலந்துவிடவும் கூடாது. நச்சு வாயு கிளம்பும்.

இப்படிக் கழுவிய பழைய சுவர் நிறம் மங்கித்தான் தெரியும். மங்கினால் என்ன? சுத்தமாக இருக்கிற பழைய சுவரைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை.

கூரை பழைய சீற் என்றால் அதன் பக்கமே போகக் கூடாது. நம் ஊர்ச் சீற்களில் அஸ்பெஸ்டஸ் நார் இருக்கிறது. உரசினால் கிளம்பும் நார் நுரையீரலில் போய் ஆயுளுக்கும் குடியிருக்கும். அங்கே பாசி இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

அவன் கைத்தொலைபேசியில் படம் காட்டினான். சுவரின் அடியில், தரையிலிருந்து இரண்டு அடி உயரத்துக்கு வெள்ளையாகப் பொருக்கு. உப்புப் பூத்திருக்கிறது. நிலத்திலோ செங்கல்லிலோ சாந்திலோ இருக்கிற உப்பைத் தண்ணீர் கரைத்துக்கொண்டு சுவருக்குள் ஏறும். சுவர் முகத்துக்கு வந்து தண்ணீர் மட்டும் பறந்துபோகும். உப்பு அங்கேயே படிகமாக நின்று பூச்சை உள்ளிருந்து தள்ளும். கடல் மணலைச் சரியாகக் கழுவாமல் கட்டிய வீடுகளில் இது தீராத வியாதி. அதே உப்பு கொங்கிறீற்றுக்குள் இருக்கும் கம்பிக்குப் போனால் கம்பி துருவேறி வீங்கி, யன்னலுக்கு மேலே நீட்டியிருக்கும் தட்டைப் பிளந்து கம்பியை வெளியே காட்டும்.

நகரின் பழைய தெருக்களில், சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய வீடுகளில் இது வேறு மாதிரி. அந்தச் சுவர்கள் ஈரத்தை வாங்கும், வெயில் வந்தால் விடும். அப்படி மூச்சு விட்டே நூறு வருடம் நின்றவை. மேலே வெள்ளையடித்த சுண்ணாம்பும் காற்றிலிருக்கும் கரியமில வாயுவை எடுத்துத் திரும்பக் கல்லாகி, ஈரத்துக்கு வழியும் விட்டு, தன் காரத்தால் பாசியையும் கொஞ்ச நாள் கிட்ட விடாது. ‘பலமாக இருக்கட்டும்’ என்று அதன் மேல் சீமெந்து பூசினார்கள். ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டது. இப்போது பூச்சு தகடு தகடாக விழுகிறது. பழைய வீடு வைத்திருப்பவர்களிடம் நான் வாய் ஓயாமல் சொல்வது இதைத்தான், கேட்டவர்கள் குறைவு.

இவனுடையது 80களின் செங்கல் வீடு. பொருக்கை உலர்ந்த பிரஷால் தட்டிக் கூட்டி அள்ளிவிடச் சொன்னேன். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து திரும்ப உள்ளே போகும். பூச்சு கழன்ற இடத்தை மேசனைக் கொண்டு ஒட்டலாம்; ஆனால் புதுப் பூச்சு இறுகிக் காய நாலு கிழமையாவது வேண்டும், அதற்குமுன் பெயின்ட் படக் கூடாது. கையில் இருப்பது பதினெட்டு நாள். “சாம்பல் நிறத்திலயே விடு. கேட்டா, ஒட்டினது எண்டு சொல்லு.”

அவனுக்கு அது பிடிக்கவில்லை. தேத்தண்ணிக் கோப்பையைச் சுற்றிக்கொண்டே இருந்தான்.

“அப்ப நான் என்னதான் செய்யிறது?”

தண்ணீர் எங்கே போகிறது என்று பார். மாரியில் வீடு பார்க்க வருகிறவனுக்கு நிறம் கண்ணில் படாது. குடைக்குக் கீழிருந்து பார்க்கிறவன் தரையைத்தான் பார்ப்பான்.

ஒரு கணக்குச் சொன்னேன். ஆயிரம் சதுர அடிக் கூரையில் ஒரு நாளில் 100 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 9,000 லீட்டருக்கு மேல் தண்ணீர். இங்கே ஒரு தாழமுக்கம் பக்கத்தால் போனாலே அந்த அளவு விழும். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவி புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறியதைப் பார்த்தவர்கள்தானே நாங்கள். அத்தனை தண்ணீரும் பீலி வழியாக ஒரு மூலைக்கு வந்து, அந்த மூலையிலிருந்து எங்கேயாவது போக வேண்டும். பூட்டிக் கிடந்த வீட்டில் பீலிக்குள் வேப்பிலை நிரம்பியிருக்கும். நிரம்பிய பீலி சுவர்ப்பக்கமாக வழியும். வடக்குச் சுவரின் கறுப்புக் கோடுகளில் பாதி அப்படி வந்தவையாக இருக்கலாம். பீலியைத் துப்புரவு செய்ய ஒரு ஆள், ஒரு ஏணி, அரை நாள். பதினெட்டு நாளில் செய்யக்கூடிய வேலைகளில் காசுக்கு ஆகக் கூடிய பலன் தருவது அதுதான் என்பேன்.

பீலி இல்லாத பக்கங்களில் தாவாரத் தண்ணீர் நேரே மண்ணில் விழுந்து தெறித்து, சுவரில் முழங்கால் உயரத்துக்குச் சேற்றுப் புள்ளி போடும். தண்ணீர் விழுகிற கோட்டில் இரண்டு அடி அகலத்துக்குச் சல்லி பரப்பிவிட்டால் தெறிப்பு நின்றுவிடும். பார்வைக்கும் வீட்டைச் சுற்றி ஒரு கரை கட்டினது மாதிரி இருக்கும். எங்கள் பக்கம் மணல் தரை என்பதால் தண்ணீர் தேங்கினாலும் ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடும். கல்லும் மேடுமான உவர்மலைப் பக்கத்தில் அப்படி இல்லை, ஓட ஒரு கான் வெட்டித்தான் ஆக வேண்டும்.

அடுத்தது, கேற்றிலிருந்து வாசற்படி வரை உள்ள இருபது அடி. இதைத்தான் நான் ஆக விரிவாகச் சொன்னேன், ஏனென்றால் யாரும் இதை யோசிப்பதில்லை. எங்கள் ஆட்கள் படியில் செருப்பைக் கழற்றுவார்கள். கனடாவில் இருபது வருடம் இருந்தாலும் கழற்றுவார்கள். அப்போது விறாந்தைச் சீமெந்து பாசி வழுக்கி, சில்லென்று நனைந்து கிடந்தால் அந்த வீட்டைப் பற்றி உள்ளங்கால் ஒரு முடிவு எடுத்துவிடும். நடைபாதையில் சேறு இருந்தால் பழைய செங்கல்லையாவது பதித்துவிடு. படியருகில் செருப்பு நனையாமல் வைக்க ஒரு இடம், குடை சாத்தி வைக்க ஒரு பழைய வாளி, கால் கழுவ ஒரு குழாய், துடைக்கத் தும்புக் கால்துடைப்பம். விறாந்தையில் நாலு கதிரை. வந்தவர்கள் மழை விடும்வரை அங்கேதான் இருப்பார்கள். அந்த அரை மணி நேரத்தில் அவர்கள் அந்த வீட்டில் வாழ்ந்து பார்க்கிறார்கள்.

“கதவு இறுகிக் கிடக்கு, மாமா. தோளால இடிச்சாத்தான் திறக்குது. சீவச் சொல்லட்டா?”

வேண்டாம். மரம் மாரியில் ஈரம் குடித்துப் பருக்கும். மார்கழியில் சீவிவிட்டால் ஆனியில் கச்சான் காற்று அடிக்கும்போது கதவுக்கும் நிலைக்கும் இடையில் பல்லி ஓடும். விளிம்பில் மெழுகுதிரி தேய்த்தால் இப்போதைக்குப் போதும். கேற்றுக்கு மட்டும் பெயின்ட் அடிக்கலாம் என்று விட்டுக்கொடுத்தேன். கழற்றிக் கொண்டுபோய் விறாந்தைக்குள் சாத்தி, துருவை உரசி, ரெட் ஒக்சைட் ஒரு கோட், காய்ந்த பிறகு எனாமல். இரும்பு தண்ணீரைக் குடிக்காது. கூரைக்குக் கீழே இரண்டு மூன்று நாள் உலர விட்டால் பிடிக்கும். அவன் முகம் கொஞ்சம் தெளிந்தது.

செடிக்கு வந்தோம். தாய் வைத்த போகன்விலா மதிலில் காடாகப் படர்ந்திருக்கிறது, பூ இல்லை. மழையில் அது இலையாகத்தான் போகும். பூக்க அதற்கு வெயிலும் காய்ச்சலும் வேண்டும். நறுக்கிக் கட்டிவிடு. இப்போது பூப்பது செவ்வரத்தையும் நந்தியாவட்டையும். சட்டியில் வாங்கிப் படியருகில் வைக்கலாம், ஒரு நிபந்தனையோடு: நகரத்துக்குள் யாராவது இந்த யோசனையைக் கேட்டால் கேற்றைப் பூட்டச் சொல்லு. பிரெட்ரிக் கோட்டையிலிருந்து இறங்கி வரும் புள்ளிமான்கள் டச்சுக்குடாப் பக்கமும் பஸ் நிலையத்தடியும் சொந்தக்காரர்போல் உலாவும். செவ்வரத்தை என்றால் தளிர், பூ, மொட்டு ஒன்றும் மிஞ்சாது. வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு மான் வாசலில் நிற்பது வீட்டைவிடப் பெரிய காட்சியாக இருக்கும் என்பது வேறு கதை.

சட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் தண்ணீர் நிற்க விடாதே. சிரட்டை, பழைய டயர், கிணற்றடி வாளி எல்லாவற்றையும் கவிழ்த்துவிடு. 2017இல் கிண்ணியா டெங்கினால் பட்ட பாட்டை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. முட்டை கொசுவாகப் பறக்க எட்டுப் பத்து நாள் போதும். கைக்குழந்தையோடு வருகிற தாய் சுவரைப் பார்க்குமுன் கொசுவைப் பார்ப்பாள்.

வெளிச்சம். மார்கழியில் ஆறு மணிக்கு முன்னமே சூரியன் விழுந்துவிடுகிறது, மழை மூட்டத்தில் ஐந்துக்கே இருட்டு. காலை பத்து மணிக்கு வரச் சொல்லு. பிந்தினால் வாசலில் மஞ்சள் பல்ப் ஒன்று எரியட்டும்; வெள்ளை டியூப் வெளிச்சத்தில் நனைந்த சுவர் ஆஸ்பத்திரிச் சுவராகத் தெரியும். விளக்கீட்டன்று வாழைக்குற்றி நட்டு விளக்கு வைக்கிற ஊருக்கு இதை நான் விளக்க வேண்டுமா என்ன.

“ஆவணியில எடுத்த படம் இருக்கோ?”

இருந்தது. தங்கை பிள்ளைகளின் விடுமுறைக்கு வந்தபோது எடுத்தது. நீலவானம், மதில் நிறையப் போகன்விலா. குளிர்நாட்டுத் தரகர்கள் பனிக்காலத்தில் கோடைப் படத்தையும் சேர்த்துக் காட்டுவது இதற்குத்தான். அச்சடித்து விறாந்தை மேசையில் வைக்கச் சொன்னேன். அமெரிக்காவில் ஸ்ரீராம் விழுப்புரம் என்ற பேராசிரியரும் இரு கூட்டாளிகளும் கூகுள் தெருப்படங்களைக் கணினிக்குக் கொடுத்து, முகப்பு நன்றாக உள்ள வீடுகள் அதேபோன்ற மற்ற வீடுகளைவிடச் சராசரியாக 7 வீதம் கூட விலை போவதாகக் கண்டார்கள். அதில் எனக்குப் பிடித்த விஷயம், எதிர்வீட்டு முகப்புக்கும் அந்த விலையில் பங்கு இருக்கிறதாம். அவனுடைய எதிர்வீடு என் வீடு. என் மதிலையும் ஒருமுறை எட்டிப் பார்த்தேன். பாசி.

இதற்கெல்லாம் மேலே, வருகிறவர்கள் என்ன கேட்பார்கள் என்று அவனைத் தயார்ப்படுத்த வேண்டியிருந்தது. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு இந்தக் கரையில் வீடு பார்க்கும் எவரும் ‘கடல் எதுவரைக்கும் வந்தது’ என்று கேட்காமல் போவதில்லை. உண்மையைச் சொல்லிவிடு, ஒழுங்கையில் யாரைக் கேட்டாலும் தெரிந்துவிடும். சுனாமிக்குப் பின் வடக்கு கிழக்கில் 200 மீற்றருக்குள் கட்டக் கூடாது என்று ஒரு விதி போட்டுப் பிறகு தளர்த்தினார்கள். 1981இன் கரையோரச் சட்டம் மட்டும் நிலையானது: உயர்நீர்க் கோட்டிலிருந்து 300 மீற்றருக்குள் புதிதாக எதையும் கட்ட அனுமதி வேண்டும். அழகுக்கென்று இந்த அவசரத்தில் புது மதில் எழுப்ப நினைக்காதே என்றேன். அவன் அதையும் நினைத்து வைத்திருந்தான் என்பது முகத்திலேயே தெரிந்தது.

கிணற்றைப் பற்றியும் கேட்பார்கள். மார்கழியில் எந்தக் கிணறும் கைக்கு எட்டும், தேனாக இனிக்கும். உள்ளூர் ஆள் அதைக் கண்டு ஏமாற மாட்டான், ‘ஆவணியில எப்படி’ என்பான்.

வருகிறவர்களில் யாராவது இலங்கைக் குடியுரிமை வைத்திருக்கிறார்களா என்று தரகரிடம் இன்றைக்கே கேட்கச் சொன்னேன். 2014இன் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டுக் குடிமகனுக்குக் காணி எழுத முடியாது. இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களுக்குத் தடையில்லை. பிறந்தது திருகோணமலை என்று சொல்லி மட்டும் உறுதி முடிக்க முடியாது. பாசி தேய்த்து, பீலி துப்புரவாக்கி, பூச்சட்டி வைத்த பிறகு இதைக் கண்டுபிடிப்பது வயிற்றெரிச்சல்.

எல்லாம் பிடித்துப் போனாலும் அன்றைக்கே முற்பணம் எதிர்பார்க்காதே. மார்கழியில் வீடு பார்ப்பார்கள். பேச்சு முடிப்பது தை பிறந்த பிறகுதான். அந்தப் பதினைந்து இருபது நாளில் அவர்கள் உறவினர் யாரையாவது திரும்ப அனுப்புவார்கள். சொல்லாமல், கொட்டும் மழைக்குள். அந்த ஆள்தான் உண்மையில் வீட்டைப் பார்க்க வருகிறவர்.

தேத்தண்ணி எப்போதோ ஆறிவிட்டது. மழை இன்னும் விடவில்லை.

“அப்ப இந்த வாளி?”

“பில் இருக்கோ? திறக்காட்டி கடையில திருப்பி எடுப்பாங்கள். கேற்றுக்கு எனாமலும், ரெண்டு குளோரின் போத்தலும், தும்புப் பிரஷும் வாங்கு. பிரஷ் ரெண்டாய் வாங்கு.”

“ரெண்டு ஏன்?”

என் மதிலைக் காட்டினேன். சிரித்தான்.

வாளிகளை விறாந்தையிலேயே விட்டுவிட்டு என் குடையை எடுத்துக்கொண்டு போனான். வீட்டுக்குள் போகவில்லை. காற்சட்டையை முழங்கால்வரை மடித்துக்கொண்டு தன் வளவுக்குள் இறங்கி, பீலி மூலைக்குக் கீழே குனிந்து, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டு நின்றான்.